பாட்டை அளந்த கருவிகள்

நாம் கேட்கும் பாடல்களில் பெரும்பாலானவை ஏன் மூன்று நிமிடத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கும் இடையில் முடிந்துவிடுகின்றன? தாலாட்டாக இருந்தாலும் சரி, நபி புகழாக இருந்தாலும் சரி, திரைப்படப் பாடலாக இருந்தாலும் சரி, நீளம் மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. மனிதரின் மூச்சோ பொறுமையோ அந்த அளவுதான் தாங்கும் போலும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வட இந்தியப் பாடகர் ஒருவர் ஒரே இராகத்தை ஒரு மணி நேரம் பாடுவார். கவ்வாலி பாடுவோர் விடியும் வரை பாடுவார்கள். வயலில் காவல் இருந்தவர்கள் கவி பாடியபோது யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அப்படியானால் இந்த மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது?

விடை ஒரு கறுப்புத் தட்டில் இருக்கிறது. அதைச் சொல்லுமுன் ஒரு வார்த்தை. இசை கேட்பது பற்றி நம் வீடுகளில் பலவிதமான கருத்துகள் உண்டு. அதைத் தீர்த்து வைப்பது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் வேலையல்ல. அதற்கு மார்க்க அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது கருவிகளைப் பற்றி. ஒருவர் கருவியை எடுத்துத் தன் எண்ணத்தை வெளியிடுகிறார் என்றுதான் பொதுவாகச் சொல்வோம். ஆனால் அந்தக் கருவி எதைச் செய்ய விடும், எதைச் செய்ய விடாது என்பதும் அவருடைய எண்ணத்தை வளைத்துவிடுகிறது. சில வேளைகளில் அவரும் கருவியைத் திருப்பி வளைக்கிறார். இசையின் வரலாற்றில் இந்த இரண்டையும் தெளிவாகக் காணலாம்.

தோமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலியைப் பதிந்து திருப்பிக் கேட்கும் பொறியை உருவாக்கினார். அது உருளை வடிவானது. பத்து ஆண்டுகளின் பின், 1887இல், எமில் பேர்லினர் தட்டையான இசைத்தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக விற்பனையான தட்டு பத்து அங்குல அகலமானது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 தடவை சுழலும். ஓரத்தில் தொடங்கும் ஒரே ஒரு வரி சுருள்சுருளாக நடுவை நோக்கிச் செல்லும். ஊசி அந்த வரிக்குள் ஓடும். வரிகளை ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால் ஒன்றோடொன்று இடித்து உடைந்துவிடும். ஆகவே ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் கொள்ளும். கணக்குப் போட்டால் 234 சுற்றுகள். பாடகர் முடிக்காவிட்டாலும் தட்டு முடிந்துவிடும்.

1902இல் ஃபிரெட் கைஸ்பேர்க் என்ற ஒலிப்பதிவாளர் கிராமபோன் கம்பனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்தார். அவரிடம் பாடிய முதற் சிலருள் மிகவும் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். ஆர்மேனிய வம்சத்தில் ஏஞ்சலினா என்ற பெயரில் பிறந்து, தாயோடு இஸ்லாத்தைத் தழுவியவர் அவர். அவர் கற்ற சங்கீதம் அவசரம் தெரியாதது. முதலில் தாளமின்றி இராகத்தை மெல்ல மெல்ல விரிப்பார்கள். கேட்பவர் அந்தச் சூழலுக்குள் வந்து சேர்ந்த பிறகே பாட்டு தொடங்கும். கைஸ்பேர்க்கின் பொறி அதற்கெல்லாம் காத்திருக்காது. கௌஹர் ஜான் அந்த விரிவைச் சில நொடிகளுக்குள் சுருக்கினார். பாட்டின் முகத்தை முதலிலேயே காட்டினார். வேகமான சுரக்கோவைகளை நெருக்கமாக அடுக்கினார். ஒரு மணி நேர விருந்தைத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது போன்ற வேலை அது.

பாட்டின் முடிவில் அவர் இன்னொன்றையும் செய்தார். தமது பெயரை ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னார். இன்று அந்தத் தட்டுகளைக் கேட்பவர்களுக்கு அது பெருமையடிப்பது போலத் தோன்றலாம். காரணம் வேறு. அன்று மெழுகில் பதிந்த மூலத் தட்டுகள் கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகரத்துக்குப் போய் அங்கேதான் அச்சாகின. அங்குள்ள தொழிலாளிக்கு இந்தக் குரல் யாருடையது என்று எப்படித் தெரியும்? அவருக்காகத்தான் அந்த அறிவிப்பு. 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்தது. ஒரு தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பது ஒரு பாட்டு எப்படி முடிகிறது என்பதை மாற்றியிருக்கிறது. எனக்கு இந்தத் தகவல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பெரிய உஸ்தாத்கள் பலர் அந்தப் பொறியின் முன் பாடத் தயங்கினார்கள். மூன்று நிமிடத்தில் பாடுவது வித்தைக்கு இழுக்கு என்று அவர்கள் எண்ணியதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தத் தயக்கத்தால் திறந்த கதவு வழியே பெண் பாடகர்கள் உள்ளே வந்தார்கள். இந்தியாவில் இசைத்தட்டின் முதல் நட்சத்திரங்கள் பெண்களே. ஆக, கலையைக் குறுக்கிய அதே கருவி, குரலுக்கு உரியவர்களின் வட்டத்தைப் பெருக்கியும் இருக்கிறது. இதை இலாபம் நட்டம் என்று ஒரு வரியில் கணக்கெழுத என்னால் முடியவில்லை.

அந்தக் காலத்துப் பதிவில் மின்சாரம் இல்லை. பாடுபவர் ஒரு பெரிய கூம்பின் வாயருகே முகத்தை வைத்துப் பாட வேண்டும். குரலின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை அசைக்க, தகட்டோடு இணைந்த ஊசி மெழுகைக் கீறும். மெல்லப் பாடினால் ஊசி அசையாது. திடீரென உச்சத்துக்குப் போனால் ஊசி துள்ளி மெழுகைக் கெடுத்துவிடும். அதனால் உச்ச சுரம் வரும்போது பாடகர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். வயலினின் ஒலி கூம்புக்குப் போதவில்லை. எனவே மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்ற விசித்திரக் கருவியைச் செய்தார்கள். ஆக, ஒலிப்பதிவுப் பொறிக்காக இசைக்கருவியே உருமாறியது. மென்மையான குரல் படைத்த எத்தனையோ பேர் அந்தக் கூம்பின் முன் தோற்றுப் போயிருப்பார்கள்.

1925இல் ஒலிவாங்கி கொண்டு மின்சாரத்தில் பதியும் முறை வந்தபோது நிலைமை தலைகீழானது. இப்போது காதோடு இரகசியம் சொல்வது போலப் பாடினாலும் போதும். அமெரிக்காவில் பிங் குரோஸ்பி போன்றவர்கள் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள். தொண்டையால் அரங்கை நிரப்பத் தேவையில்லை; ஒலிவாங்கியை நெருங்குவதும் விலகுவதும்கூடப் பாட்டின் பகுதியாயின. இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. பொஸ்டன் நகரின் கர்தினால் ஓ'கொனல் 1932இல் இத்தகைய பாடகர்களைக் கடுமையாகக் கண்டித்தார். முனகுவது ஆண்மைக்கு அழகல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். நம் பெற்றோர் இன்றைய பாடல்களைப் பற்றிச் சொல்வதோடு ஒப்பிட்டால் அவர் அப்படியொன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை.

ஒலிவாங்கி எல்லோரையும் மெல்லப் பாடத்தான் வைத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் வீடுகளில் ரமழான் மாதத்திலும் பெருநாளிலும் ஒலிக்கும் நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரலை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்ததும் அந்த 1925ஆம் ஆண்டிலேதான். திறந்தவெளிக் கூட்டங்களிலும் மேடைகளிலும் வளர்ந்த குரல் அது. ஒலிவாங்கி முன்னால் இருந்தும் அதன் தயவை எதிர்பாராமல் ஓங்கி நிற்கும். திடலின் கடைசி வரிசையில் நிற்பவரைப் பார்த்துப் பாடுவது போலவே அவர் ஒலிப்பதிவுக் கூடத்திலும் பாடினார் என்று எனக்குத் தோன்றும். ஒரே கருவி ஒருவரைக் கிசுகிசுக்க வைத்தது; இன்னொருவரின் முழக்கத்தைப் பத்து மடங்காக்கியது.

நீளத்தின் கதைக்கு மீண்டும் வருவோம். தட்டு விதித்த எல்லையை முதலில் பெரிய அளவில் உடைத்தது வானொலி. எகிப்தில் உம்மு குல்தூம் தமது இளமையில் தட்டுகளுக்காகக் குறுகிய பாடல்களைப் பாடியவர். தந்தையோடு கிராமம் கிராமமாகச் சென்று சமயப் பாடல்கள் பாடிய சிறுமி. பெண் பிள்ளை மேடையேறுவதை ஊர் ஏற்காது என்று தந்தை அவருக்கு ஆண் பிள்ளையின் உடையை அணிவித்தார். 1934இல் கெய்ரோவில் அரச வானொலி தொடங்கியது. பின்னர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் அவருடைய கச்சேரி நேரடியாக ஒலிபரப்பாகும் வழக்கம் ஏற்பட்டது. வானொலிக்கு ஓரமும் இல்லை, நடுவும் இல்லை. ஊசி போய் முட்ட ஓரிடமும் இல்லை. அரங்கில் இருப்போர் ஒரு வரியை இரசித்துக் குரல் கொடுத்தால் அவர் அதே வரியை வேறு விதமாகத் திரும்பப் பாடுவார். மறுபடியும் கேட்டால் மறுபடியும். ஒரு பாட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பாட்டின் நீளத்தைத் தட்டுக்குப் பதிலாகச் சபை தீர்மானித்தது. 1964இல் வெளிவந்த இன்த்த உம்ரீ என்ற அவருடைய பாடலில் இசையமைப்பாளர் முகம்மது அப்துல் வஹாப் மின்சார கித்தாரைச் சேர்த்தார். பழைமையின் அடையாளமாக நாம் நினைக்கும் குரலின் பின்னால் அன்றைய புத்தம்புதுக் கருவி ஒன்று ஒலிக்கிறது.

தட்டும் சும்மா இருக்கவில்லை. 1948இல் நிமிடத்துக்கு 33 தடவைக்குச் சற்று மேல் சுழலும் நீண்ட இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் கொண்டது. 1955இல் அலி அக்பர் கான் அமெரிக்காவில் சரோத் வாத்தியத்தில் வாசித்த இரு இராகங்கள் அப்படியொரு தட்டில், பக்கத்துக்கு ஒன்றாக, வெளிவந்தன. கௌஹர் ஜான் தீப்பெட்டிக்குள் அடைத்ததற்கு ஐம்பத்து மூன்று ஆண்டுகளின் பின், இராகம் கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்தது. ஆனாலும் வானொலி நிலையங்களும் திரைப்படங்களும் மூன்று நான்கு நிமிடப் பாட்டுக்கே பழகிவிட்டிருந்தன. எல்லையை விதித்த கருவி போன பிறகும் எல்லை நின்றுவிட்டது.

வானொலி என்றதும் நம் நாட்டைத் தாண்டிச் செல்ல முடியாது. கொழும்பில் 1925 டிசம்பரில் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. எட்வர்ட் ஹாப்பர் என்ற தந்தித் துறைப் பொறியியலாளர், முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களைக் கொண்டே முதல் ஒலிபரப்பியை அமைத்தார். போருக்காகச் செய்த பொருள் பாட்டுக்கு வந்தது. பிறகு 1952இல் இந்திய அரச வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கியபோது, அந்தப் பாடல்களை விரும்பியவர்கள் இலங்கை வானொலிக்கு அலைவரிசையைத் திருப்பினார்கள். அமீன் சயானி தொகுத்தளித்த பினாக்கா கீத்மாலா அந்த ஆண்டின் இறுதியில் இங்கிருந்துதான் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் இலங்கை வானொலிக்கு இருந்த நேயர் கூட்டத்தைப் பற்றி மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இத்தகைய அறிவிப்பாளரின் முன்னால் பொதுவாக இரண்டு சுழல்மேசைகள் இருக்கும். ஒன்றில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த தட்டை வைத்து, ஊசியைச் சரியான இடத்தில் நிறுத்தி, ஒரு நொடி மௌனமும் விழாமல் மாற்ற வேண்டும். தட்டுகளை ஓட்டுபவர் என்பதால் ஆங்கிலத்தில் டிஸ்க் ஜொக்கி என்று பெயர் வந்தது. ஜொக்கி என்றால் பந்தயக் குதிரை ஓட்டுபவர். அதுவே சுருங்கி இன்று நாம் சொல்லும் டி.ஜே. ஆயிற்று. கலியாண மண்டபத்தில் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கியோடு மட்டும் இந்தச் சொல்லை இணைத்துப் பார்ப்பவர்களுக்கு இதன் பிறப்பிடம் வானொலி நிலையம் என்பது வியப்பாக இருக்கலாம்.

அந்த இரண்டு சுழல்மேசைகளும் இசைக்கருவியாக மாறிய இடம் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதி. வறிய கறுப்பின மக்களும் குடியேறிகளும் வாழ்ந்த இடம். 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி, செட்ஜ்விக் அவெனியூவில் 1520ஆம் இலக்கத் தொடர்மாடியில் ஒரு விருந்து நடந்தது. ஒழுங்கு செய்தவர் சிண்டி கெம்பல் என்ற மாணவி. பாடசாலை திறக்கப் போகிறது, புதிய உடுப்பு வாங்கக் காசு வேண்டும். அதற்காகத்தான் நுழைவுக் கட்டணம். தட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், டி.ஜே. கூல் ஹேர்க். ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பம். ஹிப்ஹொப் என்று உலகமெங்கும் அறியப்படும் கலையின் பிறந்தநாளாக இன்று அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். தங்கையின் உடுப்புக் காசைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கூல் ஹேர்க் ஒன்றைக் கவனித்திருந்தார். பாட்டின் நடுவில் குரலும் மற்ற வாத்தியங்களும் நின்று, மேளம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகள் வரும். ஆடுபவர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். ஆனால் அது வந்த வேகத்தில் போய்விடும். அவர் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை எடுத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றதில் அதே பகுதியைத் தொடங்கினார். சில நொடி பல நிமிடமானது. தட்டு இட்ட எல்லையைத் தட்டைக் கொண்டே கடந்துவிட்டார்.

அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்ற ஜோசப் சாட்லர் தொழில்நுட்பப் பாடசாலையில் மின்னணுவியல் படித்தவர். ஹேர்க் ஊசியைக் கண்ணால் மதிப்பிட்டு வைத்ததால் தாளம் சில நேரம் பிசகும். ஃபிளாஷுக்கு அது பொறுக்கவில்லை. தட்டின் மேல் வண்ணக் கட்டியால் கோடு கீறி, மேளம் எங்கே தொடங்குகிறது என்று அடையாளமிட்டார். எத்தனை சுற்றுப் பின்னால் திருப்ப வேண்டும் என்று எண்ணிக்கொண்டார். சுழல்மேசையின் மேல் கிடந்த இறப்பர் விரிப்பு தட்டைப் பிடித்துக்கொண்டது. அதனால் கம்பளித் துணியைத் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, கஞ்சி தெளித்து அயன் பண்ணி விறைப்பாக்கினார். கையால் தட்டை நிறுத்தினால் அடியில் மேசை சுழன்றுகொண்டே இருக்கும். கையை விட்டதும் தட்டு உடனே ஓடும். நாங்கள் சீருடைக்குக் கஞ்சி போடுவது போன்ற காரியம்தான். மேலும், ஒரு தட்டு வெளியே ஒலிக்கும்போது அடுத்ததைத் தான் மட்டும் ஹெட்போனில் கேட்பதற்கு ஒரு சுவிட்சையும் தாமே பொருத்திக்கொண்டார்.

தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் அந்தக் கீச்சொலி வந்த கதையும் ஒரு வீட்டுக் கதையே. தியடோர் என்ற பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன் அறையில் சத்தமாகப் பாட்டுப் போட்டிருந்தான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தாய் வந்தார். அவர் பேசும்போது தட்டை நிறுத்தக் கையை அதன் மேல் வைத்தவன், அதை அப்படியே மெல்ல அசைத்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்த ஒலி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பின்னர் கிராண்ட் விசார்ட் தியடோர் என்று பெயர் பெற்ற அவர் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். அன்று தாய் அதட்டாமல் விட்டிருந்தால் ஒரு கலை தாமதித்திருக்கும் என்பதைப் பெற்றோர்கள் கவனிக்கவும்!

ஆனால் இவ்வளவு முரட்டுத்தனத்தையும் தாங்கும் பொறி வேண்டுமே. பழைய சுழல்மேசைகள் பலவற்றில் மோட்டார் ஒரு பக்கம் இருக்கும்; இறப்பர் பட்டி ஒன்று அதன் சுழற்சியை மேசைக்குக் கொண்டுவரும். கையால் பிடித்து இழுத்தால் பட்டி வழுக்கும், நாளடைவில் தளரும். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் பட்டியே இல்லாமல், மோட்டாரின் அச்சே மேசையின் அச்சாக இருக்கும் முறையை உருவாக்கியது. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 அந்த வகை. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவர்களுக்குச் சீரான வேகம் தரவே அதைச் செய்தார்கள். டி.ஜே.க்கள் அதில் வேறொன்றைக் கண்டார்கள்: பிடித்தால் கெடாது, விட்டால் உடனே வேகம் பிடிக்கும். நிறுவனமும் இதைக் கவனித்தது. 1979இல் வந்த அடுத்த வடிவம் 0.7 நொடியில் முழு வேகத்தை அடைந்தது. வேகத்தை நூற்றுக்கு எட்டு வீதம் கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தி வைக்கப்பட்டது.

அந்த எட்டு வீதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 100 தட்டு தாளமுள்ள பாட்டை 92 வரை குறைக்கலாம், 108 வரை கூட்டலாம். 125 தாளமுள்ள பாட்டோடு அதைப் பொருத்த முடியாது. எனவே எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதை ஒரு டி.ஜே. தன் இரசனையால் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த நகர்த்தியின் நீளமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. தட்டின் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறிவிடும் என்பதால் குரல் உள்ள பாட்டில் இன்னும் கவனம் வேண்டும். இன்று கணினி சுருதியை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் மாற்றிவிடுகிறது. இரவு முழுக்கத் தாளம் எண்ணிப் பழகிய அந்தக் காதுக்கு வேலை குறைந்துவிட்டது. 2010இல் உற்பத்தி நின்ற எஸ்.எல்-1200, விரும்பியவர்கள் விடாததால் 2016இல் மீண்டும் வந்தது.

தாளப் பெட்டிகளைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1980இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்-808 உண்மையான மேளம் போல ஒலிக்கவில்லை என்பதால் பலர் அதைச் சட்டை செய்யவில்லை. 1983இல் உற்பத்தி நின்றது. பழைய பொருளாக மலிந்த பிறகு வசதி குறைந்த இளைஞர்கள் அதை வாங்கினார்கள். அந்தப் பொய் மேளத்தின் ஆழ்ந்த அதிர்வே புது இசையின் அடையாளமாகிவிட்டது. அதில் தாளத்தைப் பதினாறு பொத்தான்களில் அமைக்க வேண்டும். பதினாறு சம கட்டங்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விழும் அடிக்கு அங்கே இலகுவில் இடமில்லை.

இந்தக் கட்டம் என்ற சங்கதி நம் பக்கத்து இசையை வேறு விதமாக முன்பே தொட்டிருக்கிறது. ஹார்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. கல்கத்தாவில் அது நிலத்தில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து மறு கையால் வாசிக்கும் வடிவம் பெற்று, கவ்வாலி மேடை வரை புகுந்துவிட்டது. ஆனால் அதன் கட்டைகள் பன்னிரண்டு சுரத்தானங்களில் நிலையாக நிற்பவை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் வராது. நம் இசையின் உயிர் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது என்பது எதிர்த்தவர்களின் வாதம். 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. முப்பது ஆண்டுத் தடை அளவுக்கு மீறியது என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள் பயந்தது வீண் பயமல்ல. காது கருவிக்குப் பழகிவிடும் என்பதே அந்தப் பயம்.

1997இல் வந்த ஓட்டோ டியூன் என்ற மென்பொருளை நான் ஹார்மோனியத்தின் பேரப்பிள்ளை என்று சொல்வேன். அதை உருவாக்கிய அன்டி ஹில்டிபிராண்ட், நிலத்துக்கடியில் எண்ணெய் இருக்குமிடத்தை ஒலியலைகளைக் கொண்டு கண்டறியும் துறையில் வேலை செய்தவர். அதே கணிதத்தைக் குரலுக்குப் பயன்படுத்தினார். சுருதி விலகிய குரலை அருகிலுள்ள சரியான சுரத்துக்கு அது இழுத்து வைக்கும். மறுமொழி வேகத்தைக் கூட்டிவிட்டால் வழுக்கல்கள் எல்லாம் படிக்கட்டாகிவிடும். 1998இல் செர் என்ற பாடகியின் பாட்டில் அந்த விளைவை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். அது ஒரு பாணியாயிற்று. தெரிந்து செய்தால் அது பாணி. தெரியாமல் நடந்தால்? எது சரியான சுரம், எது விலகல் என்று அந்தப் பொறிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. என் உம்மம்மாவின் ஊர் கிழக்கில் வயல் சார்ந்த ஊர். அங்கே பெண்கள் கவி பாடுவார்கள். மேளமில்லை, தாளமில்லை, வரியின் முடிவில் உயிரெழுத்தை நீட்டி, அதை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு போவார்கள். அடுத்த வரி எப்போது வரும் என்பது பாடுபவரின் மூச்சுக்குத்தான் தெரியும். கடந்த விடுமுறையில் உம்மம்மா பாடியதைச் சாச்சியின் மகன் கைத்தொலைபேசியில் பதிந்து, பாட்டு அமைக்கும் செயலி ஒன்றில் போட்டான். அந்தச் செயலி முதல் வேலையாக நிமிடத்துக்கு 120 தாளம் என்று தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. பிறகு குரலைத் திருத்தியது, இரைச்சலை நீக்கியது, இடைவெளிகளைக் கட்டங்களுக்குள் ஒதுக்கியது. இறங்கிப் போகும் நீட்டல் நான்கு படிகளாக நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் போயிற்று. அடியில் ஒரு மேளமும் சேர்ந்தது. கேட்க மோசமில்லை. ஹெட்போனை உம்மம்மாவின் காதில் வைத்தோம். கடைசி வரை கேட்டுவிட்டு, "இதாரு புள்ள பாடுற? நம்மட ஊராளா?" என்று கேட்டார்.

பதினேழு வயதில் எனக்குத் தெரிந்த எந்தக் கவியும் முழுதாக இல்லை. என் உம்மாவுக்கு மூன்று தெரியும். உம்மம்மாவுக்கு எத்தனை தெரியும் என்று அவருக்கே கணக்கில்லை. நாளைக்கு என் பிள்ளைகள் கேட்கப்போவது பதிவை மட்டும்தான் என்றால், அந்தப் பதிவில் எது இருக்கும் என்பதை ஒரு செயலியின் முன்தெரிவு தீர்மானித்துவிடக் கூடாது.

எனவே அடுத்த நாள் வேறு விதமாகப் பதிந்தோம். குரல் திருத்தம், இரைச்சல் நீக்கம் இரண்டையும் அமைப்புக்குள் போய் நிறுத்தினோம். தொலைபேசியை முகத்தருகே பிடிக்காமல், முழு நீளத்தில் பாய்க்கு எதிரே வைத்தோம். மேளம் வேண்டுமென்றால் பிரதி ஒன்றில் சேர்த்துக்கொள்ளட்டும், மூலத்தைத் தொடக் கூடாது என்று தம்பியோடு பேசி முடித்தோம்; அவனுக்கும் சம்மதம்தான். உம்மம்மா தொடங்குமுன் கேட்டது ஒன்றே ஒன்று: "எவ்வளவு நேரம் பாடலாம்?" தொலைபேசியில் இடம் தாராளமாக இருந்தது. எவ்வளவு நேரமும் பாடலாம் என்றோம். பதினேழு நிமிடம் பாடினார். இடையில் இருமினார், தண்ணீர் கேட்டார், ஒரு சொல்லை மறந்து வேறு சொல் போட்டார், கோழி கத்தியது.

முடித்ததும் பெயரைச் சொல்லச் சொன்னேன். "என்ன பேர் புள்ள, எல்லாருக்கும் தெரியுந்தானே" என்றார். கௌஹர் ஜானின் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, தம் பெயரையும் தம் உம்மாவின் பெயரையும் ஊரையும் சொன்னார். அதுவும் பதிவில் இருக்கிறது. கோப்புக்குத் திகதி இட்டு, இரண்டு இடங்களில் சேமித்து வைத்திருக்கிறோம். அறுவடைக் காலத்துக் கவிகள் இன்னும் மீதமிருக்கின்றன; தொண்டைக்கரகரப்பு மாறட்டும், அடுத்த விடுமுறைக்குப் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.